கலைச்சொல் உதவி: 549 பேருக்கு ஒரு தலைப்பு

ம. எழுதியது:
நண்பர்களே, அமெரிக்க இறப்புக் கணக்கு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். தற்கொலை 26,328, கொலை 20,958. யாரும் நினைக்காமல் குண்டு பாய்ந்து இறந்தவர்கள் 549 பேர்தான். அதே ஆண்டு தவறி விழுந்து இறந்தவர்கள் 44,000க்கு மேல். போதைமருந்தும் பிற நஞ்சும் தவறுதலாக உடலில் ஏறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அந்த 549க்கு 'விபத்து' என்று தலைப்பிட்டேன், பதிப்பாசிரியர் அடித்துவிட்டார். மூலத்தில் 'அன்இன்டென்ஷனல்' என்று இருக்கிறது. என்ன போடலாம்?

செ. எழுதியது:
அடித்தது சரி. விபத்து வடசொல். 'நேர்ச்சி' இருக்கும்போது கடன் எதற்கு? துப்பாக்கியே துருக்கியிலிருந்து வந்த சொல். 'சுடுகலன் நேர்ச்சி' என்க.

இரா. எழுதியது:
செ. ஐயா, எங்கள் ஊரில் நேர்ச்சி என்றால் கோயிலுக்கு நேர்ந்துகொள்வது. சுடுகலன் நேர்ச்சி என்றால் துப்பாக்கியை உண்டியலில் போட்டதாக நினைப்பார்கள்.

வா. எழுதியது:
'விபத்து' சிக்கல் வடசொல் என்பதால் இல்லை. பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2001இலேயே 'ஆக்சிடென்ட்' என்ற சொல்லைத் தன் பக்கங்களில் தடை செய்தது. தடுக்கக்கூடியதை விதி மாதிரி காட்டுகிறது என்பது வாதம். 'தற்செயல்' போட்டாலும் அதே கதைதான். நிரப்பிய துப்பாக்கியை மேசை டிராயரில் வைப்பது தற்செயலா? 'நோக்கமில்லா' என்பதும் இடிக்கிறது. யானை என்று எண்ணி முனிமகன் மேல் அம்பு விட்ட தசரதனுக்கு நோக்கம் இருந்தது, ஆள்தான் மாறிப்போனது. மான் என்று நினைத்து மனிதனைச் சுடும் வேட்டைக்காரரும் இந்த 549இல்தான் வருவார்.

செ. எழுதியது:
தசரதனை எடுத்தால் மனுநீதிச் சோழனையும் எடுக்க வேண்டும். கன்று தானே ஓடி வந்து தேர்க்காலில் விழுந்தது. அமைச்சர்கள் கழுவாய் சொன்னார்கள், அரசன் கேட்டானா? ஆகவே 'ஏதம்' என்ற சங்கச் சொல்லையும் கருதலாம். அதன் வேர்...

ம. எழுதியது:
ஐயா, வெள்ளிக்கிழமை.

இரா. எழுதியது:
நாளிதழில் என்ன எழுதுகிறார்கள்? 'துப்பாக்கி தவறுதலாக வெடித்து'. அதையே வைத்துக்கொள்ளுங்களேன். 'கைப்பிசகு' எனக்குப் பிடிக்கும், ஆனால் சாவுக்கு அது ரொம்பச் சின்னது.

வா. எழுதியது:
'தவறுதலாக' எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும். அண்ணன் கையில் வெடித்துத் தம்பி செத்தால், அங்கே சில பிணக்கூறாய்வாளர்கள் 'பிறர் கையால் இறப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது 20,958இல் போய்ச் சேர்கிறது. அந்த வரிசைக்கு 'கொலை' என்று தலைப்பு வைத்தால் அந்தச் சிறுவனும் கொலைகாரன். 549 என்ற எண்ணும் சுருங்கிப்போகிறது.

ம. எழுதியது:
சரி, 'தவறுதலான துப்பாக்கிச் சூட்டில் இறந்தோர்' என்று அனுப்பிவிட்டேன். ஒப்புக்கொண்டவர் மூவர், என்னையும் சேர்த்து. 'கொலை' அப்படியே இருக்கிறது. வா. அக்கா, மன்னிக்கவும், நேரமில்லை.

செ. எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்க. 'நேர்ச்சி' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.