காழ்ப்பும் வெறுப்பும் ஒன்றா?

செவ்வந்தி:
வணக்கம். பத்தாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு மாணவன் ‘எனக்குப் பாகற்காய் மீது காழ்ப்புணர்ச்சி உண்டு’ என்று எழுதியிருக்கிறான். படிக்கும்போதே இடறுகிறது. ஆனால் அகராதியைப் பார்த்தால் காழ்ப்புக்கு ‘வெறுப்பு’ என்றுதான் போட்டிருக்கிறது. அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

தச்சன் பேரன்:
டீச்சர், உங்களுக்கு இடறியது சரிதான். காழ் என்றால் மரத்தின் வயிரம். தாத்தா பட்டறையில் பூவரசு அறுக்கும்போது பார்த்திருக்கிறேன். ஓரத்தில் வெளுத்த மரம், அதில் உளி சுலபமாக இறங்கும். நடுவில் கறுத்து இறுகிய பகுதி வந்ததும் ‘வைரம் பாய்ஞ்சிருக்கு, பார்த்துப் பிடி’ என்பார். அந்த இறுக்கம் வர மரத்துக்குப் பல வருஷம் ஆகும். ஒருவர் மேல் உள்ள பகை அப்படி நாள்பட்டு மனதுக்குள் இறுகிவிட்டால் அது காழ்ப்பு.

879ஆம் குறளை வகுப்பில் சொல்லுங்கள், பையன் மறக்கமாட்டான்:

‘இளைதாக முள்மரம் கொல்க களையுநர்
கைகொல்லும் காழ்த்த இடத்து.’

முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டிவிடு, காழ்த்த பிறகு போனால் வெட்டுகிறவன் கையைத்தான் அது பதம் பார்க்கும். இது வருவது பகைத்திறம் தெரிதல் அதிகாரத்தில்.

வெறுப்புக்கு ஆளும் வேண்டாம், காலமும் வேண்டாம். பாகற்காய் மேல் வரலாம், வேலை மேல் வரலாம். ‘வாழ்க்கையே வெறுத்துப் போச்சு’ என்று சொன்னவர் மறுநாள் தெளிந்தும் விடுவார்.

வைகைக்கரை:
பேச்சில் யாரும் காழ்ப்பு என்று சொல்லிக் கேட்டதில்லையே? ‘அரசியல் காழ்ப்புணர்ச்சியால் போட்ட வழக்கு’ என்று செய்தியில்தான் பார்க்கிறேன். எங்கள் பக்கம் ‘வன்மம்’ என்போம்.

தச்சன் பேரன்:
வன்மம் நல்ல சொல். ஆனால் அதில் பழிவாங்கக் காத்திருப்பதும் சேர்ந்து வருகிறது. வீட்டுப் பேச்சில் இதற்கு எங்களிடம் இருப்பது ‘ஆகாது’. ‘பெரியப்பாவுக்கும் அவருக்கும் ஆகாது’ என்றால் போதும், பந்தியில் இருவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்துவிடுவார்கள். அதே ‘ஆகாது’ சாப்பாட்டுக்கு வந்தால் பொருள் மாறிவிடும். ‘அவளுக்குக் கத்தரிக்காய் ஆகாது’ என்றால் சாப்பிட்டால் அரிக்கும் என்று அர்த்தம். அவளுக்கு அது ரொம்பப் பிடித்ததாகக்கூட இருக்கலாம்.

செய்தியில் வருவதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. யார் எதைக் குற்றம் சொன்னாலும் உடனே ‘காழ்ப்புணர்ச்சி’ என்று பதில் வருகிறது. நேற்றுவரை முகம் தெரியாதவர் கேள்வி கேட்டாலும் அதே பதில். உண்மையிலேயே வருஷக்கணக்கில் இறுகிய பகையைச் சொல்ல நமக்கு இருக்கும் சொல் இது. அதை இப்படித் தேய்க்கக் கூடாது.

செவ்வந்தி:
மிக்க நன்றி. ‘பாகற்காய் எனக்கு அறவே பிடிக்காது’ என்று மாற்றச் சொல்லிவிடுகிறேன்.

தச்சன் பேரன்:
அது போதும் டீச்சர். அப்புறம், பிள்ளைகள் ‘காழ்புணர்ச்சி’ என்று எழுதினால் நடுவில் ப் போடச் சொல்லுங்கள். பேனர்களில்கூட அதை விட்டுவிடுகிறார்கள்.