டெஸ்லா சுருள்: கெப்பாசிட்டர் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: டெஸ்லா சுருள் (மிக உயர் மின்னழுத்தத்தில் மின்பொறி கிளப்பும் கருவி) செய்கிறேன். 9 கிலோவோல்ட், 30 மில்லி ஆம்ப் நியான் விளக்கு டிரான்ஸ்ஃபார்மர், 50 ஹெர்ட்ஸ். 1600 வோல்ட் டிசி, 0.1 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) கெப்பாசிட்டர்கள் 8 தொடரில். அவற்றில் இரண்டு கெப்பாசிட்டர்கள் ஓட்டை விழுந்து கருகிவிட்டன. ஏன்?

பதில் 1: 9 கிலோவோல்ட் என்பது ஆர்எம்எஸ் அளவு (ஏசி மின்னழுத்தத்தின் பயனுறு மதிப்பு), உச்சம் 12.7 கிலோவோல்ட். உங்கள் தொடர் தாங்குவது 12.8. இடைவெளியே இல்லையே! அதோடு உங்கள் தொடரின் மொத்தமான 12.5 நானோஃபாரட், அந்த டிரான்ஸ்ஃபார்மரோடு ஒத்ததிர்ந்து மின்னழுத்தத்தைப் பெருக்கும் மதிப்பான 10.6-க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்பார்க் கேப் (மின்பொறி பாயும் இடைவெளி) ஒருமுறை பொறி விடத் தவறினாலும் மின்னழுத்தம் எகிறும். 18 தொடராக 3 வரிசை இணையாகப் போடுங்கள்: 16.7 நானோஃபாரட், 28.8 கிலோவோல்ட்.

பதில் 2: ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 10 மெகாஓம் ரெசிஸ்டர் கட்டாயம். அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கும். தொடும் முன் ஷார்ட் செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் முனைகளில் பாதுகாப்பு ஸ்பார்க் கேப்பும் வையுங்கள். பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் வேண்டவே வேண்டாம், சூடேறி உருகும்.