ராயபுரம் வீட்டுக் குழு: 12,000 ரூபாய்ப் புராஜெக்ட்

சித்தி, இரவு 8.40
தம்பியின் கடைசி ஆண்டுப் புராஜெக்டுக்கு 12,000 ரூபாய் வேண்டுமாம். ஒரு கடையில் எல்லாம் செய்து தந்துவிடுவார்களாம். சீட்டுப் பணம் அடுத்த மாதம்தான் வரும். யாராவது கைமாற்றாகத் தர முடியுமா?

பெரியப்பா, 8.46
நான் தருகிறேன் தங்கச்சி.

அக்கா, 8.51
பெரியப்பா, பொறுங்கள். பொருள் வாங்க என்றால் நானே தருவேன். இது அப்படியில்லை. அறிக்கை முதல் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் சொல்ல வேண்டிய பதில் வரை கடைக்காரர் எழுதுவார். அட்டையில் மட்டும் இவன் பெயர் இருக்கும்.

தம்பி, 8.55
வகுப்பில் பலரும் வாங்குகிறார்கள் அக்கா. மென்பொருள் சோதனையில் காப்பி 10 விழுக்காட்டுக்குள்தான் வரும் என்று உத்தரவாதமும் தருகிறார்கள்.

அக்கா, 9.02
அந்த 10, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் இருக்கிறது. அதுவரை தண்டனை இல்லை. 60ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்தாகும். ஆனால் அந்த மென்பொருள் ஏற்கெனவே இருக்கும் எழுத்தோடு ஒத்துப்போகும் வரிகளைத்தான் காட்டும். காசு கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கியது அதில் சிக்காது. 0 வந்தாலும் அது உன் உழைப்பு ஆகிவிடுமா? ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் இப்படி எழுதி விற்பதையே குற்றமாக்கிவிட்டன.

அக்கா, 9.04
என் தோழி ஒருத்தி இப்படித்தான் வாங்கினாள். அவளுக்கு வேலை கிடைத்ததும் விற்றவரே போன் செய்தார். இன்னும் பணம் தராவிட்டால் கல்லூரிக்குச் சொல்லிவிடுவாராம். அவள் அழுததை நான் பார்த்தேன்.

பெரியப்பா, 9.09
துறைமுகத்தில் புதிதாக வருபவனிடம், கிரேன் கொக்கியை மாட்டிக் காட்டு என்றுதான் முதலில் சொல்வோம். மாட்டத் தெரியாதவன் கீழே நிற்பவனுக்கு எமன். தம்பி, உன் புராஜெக்ட் என்ன?

தம்பி, 9.15
வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கருவி பெரியப்பா. பாதி செய்துவிட்டேன். சென்சார் தப்புத் தப்பாக அளக்கிறது. ஆசிரியரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

பெரியப்பா, 9.17
வியாசர்பாடிக்காரர்களுக்கு வேண்டிய கருவியாயிற்றே! இதையா கடையில் வாங்கப் போனாய்?

அக்கா, 9.20
எத்தனை முறை தப்பாக அளந்தது, எப்போது அளந்தது என்று குறித்து வை. அதுவும் அறிக்கையில் வர வேண்டும். நாளை ஆசிரியரைப் பார். ஞாயிறு காலை தண்டையார்பேட்டைக்கு வா, சேர்ந்து பார்ப்போம்.

சித்தி, 9.24
அப்படியென்றால் பணம் வேண்டாமா?

தம்பி, 9.26
புதுச் சென்சாருக்கு 600 ரூபாய் போதும் அம்மா. ஞாயிறு வருகிறேன் அக்கா.