திரைக்காப்பு, காப்புப்படலம், தோய்கண்ணாடி: கேமராத் திரைக்கு மூன்று சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

கேமராவின் பின்புறத் திரையில் ஒட்டும் 'ஸ்கிரீன் புரொடெக்டரை'த் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று தொடங்கிய நம் உரையாடல் இழையில், திரைக்கவசம், திரையுறை, திரைப்படலம், திரையேடு, திரைக்காப்பு ஆகிய சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் புகைப்படக் கழகத்துக்காக நான் எழுதிவரும் கையேட்டில் இப்பொருளைப் பார்த்து வாங்குவது பற்றியும் ஒரு பகுதி வருவதால், ஒவ்வொரு சொல்லையும் அதில் இட்டு எழுதிப் பார்த்தேன். ஒரே சொல்லைக் கொண்டு அப்பகுதியை எழுத முடியவில்லை என்பதே நான் கண்டது. கடைத்தெருவுக்குப் போகும் மாணவர் மெல்லிய பிளாஸ்டிக்கை வாங்குவதா, கண்ணாடியை வாங்குவதா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த வேறுபாட்டைக் காட்டும் சொற்களையும் சேர்த்துக் கொடுத்தால்தான் நம் விவாதம் அவருக்குப் பயன்படும்.

திரைக்கவசம் என்பது மிடுக்கான சொல். ஆனால் தலைக்கவசமானாலும் முகக்கவசமானாலும் கவசம் என்பது அணிந்து கழற்றுவதாகும். கேமராவில் அதற்கு ஏற்ற பொருள் வேறொன்று இருந்தது. நிக்கான் நிறுவனத்தின் டி300, டி90 போன்ற கேமராக்களுக்குப் பின்திரையின் மேல் மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் மூடி உண்டு. பிஎம்-8, பிஎம்-10 என்பன அவற்றின் பெயர்கள். விரல் நகத்தால் நெம்பினால் அது கழன்று வந்துவிடும். திரைக்கும் மூடிக்கும் நடுவே காற்று நிற்பதால், நம் ஊரின் ஈரப்பதத்தில் உட்பக்கம் ஆவி படிந்து படம் மங்கித் தெரியும். பழைய கேமராவை இன்னொருவரிடமிருந்து வாங்கும் மாணவர்கள் இந்த மூடியை இன்றும் காணக்கூடும் என்பதால், திரைக்கவசம் என்ற சொல்லை அதற்கே ஒதுக்கிவிடலாம்.

உறை என்பது பொருளை முழுவதும் உள்ளே வாங்கிக்கொள்வது. தலையணை உறையும் மூக்குக்கண்ணாடி உறையும் அப்படிப்பட்டவை. எனவே திரையுறை பொருந்தவில்லை. திரைப்படலம், திரையேடு ஆகிய இரண்டிலும் உள்ள சிக்கல் 'திரை' என்ற முதற்சொல்லால் வருவது. நம்மில் பெரும்பாலோர்க்குத் திரை என்றதும் சினிமாவே நினைவுக்கு வருகிறது. திரையேடு என்றால் சினிமா இதழ் என்றும், திரைப்படலம் என்றால் திரைப்படம் என்பதன் அச்சுப்பிழை என்றும் படிப்பார்கள். பாலேட்டைப் போல மேலே படிந்திருப்பதால் ஏடு என்ற சொல் பொருந்தும் என்று கிள்ளான் ஆசிரியர் அம்மா எழுதியிருந்தது எனக்கும் பிடித்திருந்தது. சினிமாவின் நிழல் விழாத வேறொரு கலைச்சொல்லுக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எஞ்சுவது திரைக்காப்பு. கணினித் தமிழாக்கங்களில் 'ஸ்கிரீன் சேவரை' இப்படி எழுதி வந்திருக்கிறோமே என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த மென்பொருள் பழைய குழாய்த் திரைகளில் ஒரே உருவம் நெடுநேரம் நின்று தழும்பாகிவிடாமல் இருக்க வந்தது. அத்தகைய திரைகள் வீடுகளிலிருந்து மறைந்துவிட்டன. மென்பொருளைப் பற்றிய பேச்சு எது, ஒட்டும் பொருளைப் பற்றிய பேச்சு எது என்பது வாக்கியத்திலேயே விளங்கிவிடும். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. காப்பு என்ற சொல்லுக்கு மேலே சாத்தும் மெல்லிய பூச்சு என்ற பொருள் நம் கோயில் வழக்கில் ஏற்கெனவே இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவில் அம்மனுக்குச் சந்தனக்காப்புச் சாத்தும்போது, சந்தனம் திருமேனியின் மேல் மெல்லப் படிந்து, முகவடிவை மறைக்காமல் அதனோடு ஒட்டி நிற்கிறது. காத்தல், படிதல் என்ற இரு பொருளையும் ஒருசேரத் தரும் சொல் இது. மலாயில் 'பெலிண்டுங் ஸ்கிரின்' என்கிறார்கள். அதில் காத்தல் என்ற பொருள் மட்டுமே உண்டு. ஆகவே பொதுச்சொல்லாகத் திரைக்காப்பையே வழிமொழிகிறேன்.

இனி வகைகள். குடிநீர்ப் போத்தல் செய்யும் அதே பெட் பிளாஸ்டிக்கை மெல்லியதாக இழுத்துச் செய்வதைக் காப்புப்படலம் எனலாம். முன்னே 'திரை' இல்லாததால் சினிமாக் குழப்பமும் இல்லை. கண்ணாடி வகைக்கு வந்திருக்கும் 'பதப்படுத்திய கண்ணாடி', 'வெப்பப்பதக் கண்ணாடி' ஆகிய இரண்டையும் ஏற்க இயலவில்லை. கடையில் இதை 'டெம்பர் கிளாஸ்' என்றே கேட்டு வாங்குகிறோம் என்றாலும், மகிழுந்தின் பக்கக் கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சிக் குளிர்காற்றை ஊதி உறுதியாக்குவது போல இதைச் செய்வதில்லை. அம்முறைக்கு மேற்பரப்பு விரைவாகவும் நடுப்பகுதி மெதுவாகவும் ஆற வேண்டும். ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடியில் அந்த வேறுபாடு நிலைக்காது. அதனால் 400 பாகை அளவில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் அதைப் பல மணி நேரம் தோய்த்து வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடங்களில் நெருக்கிப் புகுந்துகொள்வதால், மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்தில் இருந்து, விரிசல் எளிதில் பரவாதபடி தடுக்கிறது. இதற்குத் தோய்கண்ணாடி என்ற சொல்லை முன்வைக்கிறேன். துணியைத் தோய்ப்பதும், கொல்லர் காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்து உரமேற்றுவதும் நாம் அறிந்த வழக்கு. வினைத்தொகையாகச் சுருங்கி நிற்கும் இச்சொல் செய்முறையையும் உள்ளபடி சொல்லிவிடுகிறது.

இக்கண்ணாடியின் பெட்டியில் '9எச்' என்று அச்சிட்டிருப்பதைப் பற்றியும் கையேட்டில் தெளிவாக எழுத வேண்டியிருக்கிறது. பிரீட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கனிமக் கடின அளவில் வைரம் 10 என்று பள்ளியில் படித்த மாணவர்கள், இந்த 9-ஐ வைரத்துக்கு அடுத்த நிலை என்று எண்ணிவிடுகிறார்கள். பெட்டியிலுள்ள எண்ணோ பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையைக் குறிப்பது. 9எச் என்ற கடினமான பென்சிலும் அதைக் கீறவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. மோஸ் அளவில் கண்ணாடி 6-ஐ ஒட்டியே நிற்கிறது. மணலில் உள்ள குவார்ட்சு 7. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் படமெடுத்துவிட்டு, திரையில் படிந்த புழுதியைச் சட்டை நுனியாலோ தோளில் கிடக்கும் துண்டாலோ அழுத்தித் துடைத்தால், எந்தத் தோய்கண்ணாடியிலும் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, பிறகே துணியைத் தொட வேண்டும். ஆகையால் '9எச்' என்பதைப் 'பென்சில் கடினம் 9எச்' என்று விரித்தே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒட்டும் முறைக்கு இதுவரை யாரும் சொல் தரவில்லை. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பேன். சில திரைக்காப்புகளில் பசை ஓரங்களில் மட்டும் இருக்கும். சிலவற்றில் பரப்பு முழுவதும் சிலிக்கோன் ஒட்டு இருக்கும். இவற்றை விளிம்பொட்டு, முழுவொட்டு எனலாம். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளி திரும்பிவிடுகிறது. விளிம்பொட்டில் திரைக்கும் காப்புக்கும் நடுவே காற்று சிக்கிக்கொள்வதால் அத்தகைய பரப்புகள் இரண்டு கூடி, தைப்பூசத்தன்று நடுப்பகல் வெயிலில் காவடியைப் படமெடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தால் காவடிக்கு முன் நம் முகமே தெரியும். முழுவொட்டில் அந்த எதிரொளிப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. விலை சற்றுக் கூடினாலும் முழுவொட்டையே வாங்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

பக்கவாட்டில் விரிந்து திரும்பும் திரைக்கு மடக்குத்திரை என்ற சொல் போதும். அதை உட்புறமாக மடித்து வைக்கும்போது தடித்த கண்ணாடி உடலில் இடித்துச் சரியாக மூடாமல் போகலாம் என்பதால், அங்கே காப்புப்படலத்தையும் அசையாத திரைக்குத் தோய்கண்ணாடியையும் பரிந்துரைத்துள்ளேன். அளவைப் பொறுத்தவரை '3 அங்குலம்' என்று கேட்டு வாங்கக்கூடாது. அது படம் தெரியும் பகுதியின் மூலைவிட்டம் மட்டுமே என்பதால், கேமராவின் மாதிரிப் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்.

'மேட்' என்று விற்கும் வகைக்குத்தான் எனக்கு நல்ல சொல் அமையவில்லை. அதன் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பால் ஒளியைச் சிதறடித்து எதிரொளிப்பைக் குறைத்தாலும், திரையிலுள்ள படத்தின் கூர்மையையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. பட்டுச் சேலையின் கரை குவியத்தில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கும்போது அது நம்மை ஏமாற்றிவிடும். கேமராவுக்கு இதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேண்டாம் என்று எழுதுவதற்கும் பெயர் தேவைப்படுகிறது. 'மங்கற்படலம்' என்று எழுதினால் பழுதுபட்ட படலம் என்று பொருள் கொள்வார்களோ என்று ஐயுறுகிறேன். 'சொரிபடலம்' செவிக்கு இனிமையாக இல்லை. நெசவுத் தொழிலிலோ அச்சுத்தொழிலிலோ பளபளப்பு இல்லாத பரப்புக்கு வழங்கும் சொல் தெரிந்த அன்பர்கள் எழுதினால், கையேடு அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து