பொருள் வந்து சேரவில்லை: விற்பனையாளருக்கு அவகாசம் தருவதா, வங்கிக்குப் போவதா?

வழிப்போக்கன்:
ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு சிறிய இணைய விற்பனையாளரிடம் ஹெட்ஃபோன் வாங்கி, கிரெடிட் கார்டில் பணம் செலுத்தினேன். இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும் என்று ஆர்டரை உறுதிசெய்த மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். ஆனால் டிராக்கிங் பக்கத்தில் இன்றுவரை இருப்பது "முகவரிச் சீட்டு தயாரிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிதான். பார்சல் கூரியர்காரரின் கைக்குப் போனதாகவே தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்று முறையும் "இன்னும் பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத்துப் பிசகாமல் அதே பதில் வந்தது. வங்கியில் சார்ஜ்பேக் கேட்டு, செலுத்திய பணத்தைத் திரும்ப எடுத்துவிடு என்கிறான் என் தம்பி. அது கடைசி ஆயுதம், முதலில் பேசித் தீர்த்துக்கொள் என்கிறார் உடன் வேலை செய்யும் நண்பர். யார் சொல்வது சரி?

கணக்கன்:
தம்பி சொல்வதே சரி. அந்தப் "பத்து நாள்" வெறும் சோம்பலாக எனக்குத் தோன்றவில்லை. கெடு முடியும்வரை உங்களை இழுத்தடிக்கும் பழைய உத்தி அது. பொருள் வந்து சேரவில்லை என்று முறையிட விசா கார்டு நிறுவனத்தின் விதிகள் 120 நாள் தருகின்றன. அதுவும் பணம் செலுத்திய நாளிலிருந்து அன்று, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகச் செலுத்தியவர்களுக்குக் கணக்கு வேறு: பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள். கேட்பதற்கு நீண்ட காலமாகத் தெரியும். பத்துப் பத்து நாளாகக் கொடுத்துப் பாருங்கள், கரைவதே தெரியாது. உங்கள் வங்கி இதைவிடக் குறுகிய கெடு வைத்திருக்கவும் கூடும் என்பதால் அதன் விதிமுறைகளை இன்றே படித்துவிடுங்கள். நீங்கள் கார்டில் செலுத்தியதால்தான் இவ்வளவும் பேச முடிகிறது. கணக்கிலிருந்து நேரடியாக விற்பவரின் கணக்குக்கு அனுப்பியிருந்தால் சார்ஜ்பேக் என்ற வழியே கிடையாது.

சிறுவணிகர்:
எதிர்த் தரப்பிலிருந்து ஒரு சொல். நான் இணையத்தில் கைவினைப் பொருள்கள் விற்பவன். சார்ஜ்பேக் வந்தால், நாங்கள் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பணம் எங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிடும்; அதற்கு மேல் ஒரு கட்டணமும் பிடிப்பார்கள், வழக்கில் நாங்கள் வென்றாலும் பல நேரம் அந்தக் கட்டணம் திரும்புவதில்லை. இப்படிப்பட்ட முறையீடுகள் கூடினால் கார்டு வழியாகப் பணம் பெறும் வசதியையே இழக்க நேரிடும். ஒருமுறை நான் பணத்தைத் திருப்பி அனுப்பிய அதே நாளில் வாடிக்கையாளர் வங்கியிலும் முறையிட்டுவிட, ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போயிற்று. அதை மீட்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேலும், முதலில் விற்பனையாளரிடம் கேட்டீர்களா என்பதுதான் வங்கியின் முதல் கேள்வியாக இருக்கும். விசா விதியே அதை எதிர்பார்க்கிறது.

கணக்கன்:
கேட்டீர்களா என்பதுதான் ஐயா விதி. எத்தனை முறை கேட்டீர்கள் என்பதன்று. இவர் மூன்று முறை கேட்டுவிட்டார். உங்கள் இழப்பு உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுமையை, பணத்தையும் கொடுத்துவிட்டுப் பொருளும் இல்லாமல் நிற்பவர் ஏன் சுமக்க வேண்டும்?

மாலைவெயில்:
வழிப்போக்கன், உங்கள் டிராக்கிங் பக்கம் நாளைக்கே "டெலிவரி செய்யப்பட்டது" என்று மாறினாலும் திகைக்காதீர்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. நான் வாங்கியது ஒரு ஜோடிக் காலணி. பார்சல் சேர்ந்துவிட்டதாகப் பக்கம் காட்டியது. சான்றாக இருந்த படத்தில் ஒரு பச்சைக் கதவும், அதன் முன் ஒரு காகித உறையும் இருந்தன. என் வீட்டுக் கதவு பழுப்பு நிறம். விற்பனையாளர் அந்தப் படத்தையே வங்கிக்கு அனுப்ப, என் கோரிக்கை தள்ளுபடியாயிற்று. கூரியர் அலுவலகத்துக்கு நேரில் போய் நின்ற பிறகுதான், அந்த உறையின் எடை 40 கிராம் என்றும், அதே அஞ்சல் குறியீட்டில் வேறொரு முகவரிக்கு அது போயிருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்தார்கள். 40 கிராமில் ஏது காலணி? அந்தக் கடிதத்தை இணைத்து மறுபரிசீலனை கேட்டேன், பணம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோரிக்கைப் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் "மோசடிப் பரிவர்த்தனை" என்று கோபத்தில் குறித்துவிடாதீர்கள். அந்தப் பிரிவு, நீங்கள் அறியாமல் உங்கள் கார்டை வேறொருவர் பயன்படுத்தியதற்கு உரியது. ஓடிபி போட்டுப் பணம் செலுத்தியவர் நீங்கள்தான் என்று தெரிந்தவுடன் அதை மூடிவிடுவார்கள். "பொருள் வந்து சேரவில்லை" என்பதே உங்களுக்கு உரிய காரணம். இரண்டு வாரம் என்று சொல்லும் மின்னஞ்சலையும் டிராக்கிங் பக்கத்தையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனெனில் இத்தகைய தளங்கள் ஒரே இரவில் காணாமல் போவதுண்டு.

சிறுவணிகர்:
வெற்று உறை அனுப்புபவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. அவர்களால்தான் எங்களையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இருந்தாலும் என் கருத்தில் மாற்றமில்லை. இந்தத் தேதிக்குள் பார்சல் கூரியரிடம் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று அனுப்பவில்லையென்றால் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்பேன் என்று தேதி குறித்து ஒரு கடைசிக் கடிதம் எழுதுங்கள். நேர்மையான வணிகர் அதற்குள் பணத்தை அனுப்பிவிடுவார். அது வங்கி வழியைவிட விரைவானது. "முறையீட்டைத் திரும்பப் பெறுங்கள், பிறகு பணம் தருகிறோம்" என்று யார் கேட்டாலும் மட்டும் இணங்காதீர்கள், விற்பவனாகவே சொல்கிறேன். பேபாலில் ஒருமுறை முடித்துவைத்த முறையீட்டை மீண்டும் திறக்க முடியாது.

கணக்கன்:
கடிதம் எழுதலாம், மூன்று நாளுக்கு மேல் தர வேண்டாம். ஐந்து வாரம் கொடுத்தாகிவிட்டது.

வழிப்போக்கன்:
மூன்று நாள் கெடு வைத்து நேற்றுக் காலை எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. சான்று எதுவும் அனுப்பவில்லை. மாறாக, "விலையில் மூன்றில் ஒரு பங்கை இப்போதே திருப்பித் தருகிறோம், பொருள் வந்ததும் நீங்களே வைத்துக்கொள்ளலாம், மேற்கொண்டு கோரிக்கை எதுவும் இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள்.

கணக்கன்:
எழுதிக் கொடுத்தால் மீதிப் பணத்துக்கு வங்கியில் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

சிறுவணிகர்:
பார்சல் அனுப்பியவர் ரசீதைத்தான் காட்டியிருப்பார், பேரம் பேசியிருக்க மாட்டார். கெடு முடியும்வரை காத்திருங்கள் என்று இனி நான் சொல்லப்போவதில்லை.

வழிப்போக்கன்:
இன்று மதியம் வங்கிச் செயலியில் கோரிக்கையைப் பதிவுசெய்துவிட்டேன். காரணம்: பொருள் வந்து சேரவில்லை. ஆர்டர் மின்னஞ்சலையும் நான்கு பதில்களையும் டிராக்கிங் பக்கத்தின் படத்தையும் இணைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் இப்போதும் "முகவரிச் சீட்டு தயாரிக்கப்பட்டது" என்றுதான் காட்டுகிறது.