தண்டர் அணியின் தொடக்க ஐவரில் தடுப்பாட்டத்துக்கு ஏற்ற கார்டு யார்: டார்ட்டா, வாலஸா, கரூசோவா?

கேள்வி: விடியற்காலைப் பார்வையாளர்

ஓக்லஹோமா சிட்டி தண்டர் 2025இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ கோப்பையை வென்றுவிட்ட பிறகு இந்தக் கேள்விக்கு என்ன தேவை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அந்த இறுதித் தொடர்தான் ஐயத்தையே கிளப்பியது. ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்கிரென், ஐசேயா ஹார்ட்டன்ஸ்டைன் ஆகிய நால்வரின் இடமும் உறுதி என்று வைத்துக்கொண்டால், எஞ்சியிருக்கும் ஒரே இடத்துக்கு லூ டார்ட், கேசன் வாலஸ், அலெக்ஸ் கரூசோ என்று மூன்று கார்டுகள் (வெளிவட்டத்தில் ஆடுபவர்கள்) இருக்கிறார்கள். மூவரில் எவர் வேறு அணிக்குப் போனாலும், எதிரணியின் முதன்மை ஆட்டக்காரரைத் தடுக்கும் பொறுப்பு முதல் நாளிலேயே அவரிடம் ஒப்படைக்கப்படும்.

இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தை (நமக்கு ஜூன் 6, காலை 6 மணி) நினைத்துப் பாருங்கள். பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட், சென்டரான (வளையத்தடியில் நிற்கும் உயரமான ஆட்டக்காரர்) ஹார்ட்டன்ஸ்டைனை பெஞ்சில் உட்காரவைத்து, டார்ட்டோடு வாலஸையும் சேர்த்துத் தொடக்கத்திலேயே இறக்கினார். முதல் பாதியில் மட்டும் இந்தியானா பேசர்ஸ் 19 முறை பந்தைப் பறிகொடுத்தது. ஆனால் ரீபவுண்டில் (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுவதில்) 56-39 என்று பேசர்ஸ் முந்தியது, கடைசியில், 0.3 வினாடி மிச்சமிருக்க, பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்டன் வாலஸைத் தாண்டி எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்து ஆட்டம் 111-110 எனப் பேசர்ஸ் பக்கம் முடிந்தது. நான்காவது ஆட்டத்தில் ஹார்ட்டன்ஸ்டைன் தொடக்க ஐவருக்குத் திரும்ப, வாலஸ் பெஞ்சுக்குப் போனார். டார்ட்டின் இடம் மட்டும் அசையவில்லை. புள்ளி எடுப்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, தடுப்பாட்டத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் அந்த ஓர் இடம் யாருக்கு உரியது? காரணத்தோடு சொல்லுங்கள்.

பதில் 1: முன்னாள் கல்லூரி ஆட்டக்காரர்

என்னைப் பொறுத்தவரை டார்ட்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர் 2025இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுக்கான முதல் அணியில் இடம்பெற்றார் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தொடக்க ஐவரில் ஒரு தடுப்பாட்டக்காரருக்குக் கிடைக்கும் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்டத்தின் முதல் நொடியிலிருந்து எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரின் முன்னால் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சென்டரின் ஸ்கிரீனில் (தடுப்பவரின் வழியை மறித்து நிற்கும் உடலில்) தோள் மோத வேண்டும். அந்தச் சுமை கில்ஜஸ்-அலெக்சாண்டரின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டார்ட் ஸ்கிரீனைக் கடக்கும் விதத்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்கிரீன் வருகிறது என்ற குரல் கேட்டவுடனே, பந்து வைத்திருப்பவரின் இடுப்பை ஒட்டி முன்காலை நுழைத்துவிடுகிறார். ஸ்கிரீன் போடுபவருக்கு அவருடைய நெஞ்சு கிடைப்பதில்லை, ஒரு பக்கத் தோள் மட்டுமே கிடைக்கிறது. அந்த இடைவெளியில் உடலை ஒடுக்கிக்கொண்டு மேல்பக்கமாகவே, அதாவது பந்து வைத்திருப்பவரை ஒட்டியபடியே, வெளியே வந்துவிடுகிறார். ஏறத்தாழ 100 கிலோ எடை கொண்ட ஓர் உடலால் இதை ஆட்டத்துக்கு முப்பது நாற்பது முறை செய்ய முடிவது பெரிய காரியம். நான் ஆடிய காலத்தில், பத்து ஸ்கிரீனுக்குப் பிறகு தோள் மரத்துப்போய், பதினோராவது ஸ்கிரீனுக்குக் கீழ்ப்பக்கமாக நழுவிவிடுவேன். எதிராளி நிம்மதியாக நின்று மூன்று புள்ளிக்கு எறிவார்.

2020ஆம் ஆண்டு ஹூஸ்டனுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தில், டார்ட் தடுத்துநின்ற ஹூஸ்டன் நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டன் 15 முயற்சிகளில் 4 மட்டுமே போட்டதை மறக்க முடியாது. தண்டர் அந்த ஆட்டத்தில் 104-102 என்று தோற்றது. ஆனால் எந்த அணியும் டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுக்காத டார்ட் என்ற இளைஞர் யார் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

புள்ளி எடுப்பதை ஒதுக்கிவைக்கச் சொல்கிறீர்கள். அதை முழுதாக ஒதுக்க முடியாது. 2024இல் டல்லஸுக்கு எதிரான தொடரில், அப்போது தண்டரில் இருந்த ஜோஷ் கிடியைக் காவலே இல்லாமல் விட்டுவிட்டு, அவரைத் தடுக்க வேண்டியவர் வளையத்தடியில் போய் நின்றுகொண்டார். தண்டரின் எறிதல்கள் தவறின. தவறிய ஒவ்வொரு பந்தும் எதிர்ப்பக்கம் வேகமாக ஓடியது. தடுப்பு வரிசை அமைவதற்குள் கூடை விழுந்தது. டார்ட் 2024-25 சீசனில் 41 விழுக்காடு மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டதால் அவரை அப்படிக் கைவிட்டுப் போக யாருக்கும் துணிவில்லை. இதையும் தடுப்பாட்டக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

பதில் 2: ஸ்டீல் கணக்கர்

மேலே எழுதியவரின் ஸ்கிரீன் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. டார்ட்டின் பலம் உடல் மோதும் இடத்தில் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஆபத்தான கார்டுகளில் பலர் மோதலையே தவிர்க்கிறவர்கள். ஓடிவந்து சட்டென்று நின்று, திசை மாற்றி, மறுபடி வேகமெடுப்பவர்கள். அவர்களுக்கு முன்னால் எடை உதவாது, பாதம்தான் உதவும். வாலஸின் பாதங்கள் மூவரில் மிக இலகுவானவை. 2024-25இல் ஆட்டத்துக்குச் சராசரி 1.8 ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எடுத்தவர் அவர். அதிலும் ஆளை விட்டுவிட்டுப் பாய்ந்து எடுப்பவை குறைவு, எதிராளி தரையில் தட்டிவரும் பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும் கணத்தில் நேராக நின்றபடியே தட்டிவிடுபவை அதிகம். ஸ்டீல் தவறினாலும் அவருடைய ஆள் அவருக்கு முன்னால்தான் இருப்பார்.

2024 நவம்பரை நினைவில் கொள்ளுங்கள். ஹார்ட்டன்ஸ்டைனின் கை எலும்பு முறிந்திருந்தது. ஹோம்கிரெனுக்கும் இடுப்பெலும்பில் முறிவு. ஜேலன் வில்லியம்ஸ் சென்டராக நிற்க வேண்டிய நிலை. வளையத்தடியில் காப்பதற்கு உயரமானவர் எவரும் இல்லாத அந்த நாட்களில் அணி சரிந்துபோகாததற்கு, பந்தை உள்ளே வரவிடாமல் வெளியிலேயே நிறுத்திய கார்டுகள்தான் காரணம். வாலஸ் அந்த சீசனில் 43 ஆட்டங்களைத் தொடங்கினார் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஹாலிபர்டனின் கடைசி எறிதலை வாலஸின் கணக்கில் எழுதுவதும் எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. வாலஸ் ஃபவுலும் செய்யவில்லை, விழவும் இல்லை, எறிந்தவரை வளையத்துக்குப் போகவும் விடவில்லை. ஏறத்தாழ 21 அடித் தொலைவில் கையை உயர்த்தி எதிரே நின்றார். அதற்கு மேல் ஒரு கார்டு செய்யக்கூடியது எதுவும் இல்லை. 21 வயதில் அந்தக் கணத்தில் அங்கே நிறுத்தப்பட்டதே பயிற்சியாளர் அவர்மீது வைத்திருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது.

பதில் 3: பழைய பயிற்சியாளர்

இருவரும் கார்டை மட்டும் பார்க்கிறீர்கள். அவருக்குப் பின்னால் நிற்கும் சென்டரைப் பார்த்தால் இந்த வாதம் பாதி தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

ஹார்ட்டன்ஸ்டைன் தொடக்கத்தில் இருக்கும்போது, ஸ்கிரீன் விழும் இடத்தில் அவர் பெரும்பாலும் கார்டோடு தான் காக்கும் ஆளை மாற்றிக்கொள்வதில்லை. ஓரிரு அடி பின்வாங்கி, பந்து வைத்திருப்பவரையும் உள்ளே ஓடுபவரையும் ஒரே நேரத்தில் கவனித்தபடி நிற்கிறார். இந்த முறை உயிரோடு இருக்க வேண்டுமானால், கார்டு ஸ்கிரீனின் மேல்பக்கமாகப் போராடி வந்து எறிபவரின் முதுகில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் சென்டர் தனியாளாக இருவரைச் சமாளிக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு டார்ட்டை விடப் பொருத்தமானவர் இந்த அணியில் இல்லை. ஹோம்கிரென் மட்டும் உயரமானவராக நின்று, ஐவரும் தயங்காமல் ஆள் மாற்றிக்கொள்ளும் அமைப்பில்தான் வாலஸின் பாதங்களுக்கு முழுப் பயன் கிடைக்கிறது. முதல் ஆட்டத்தில் 19 பந்துகளைப் பறித்ததும் அந்த அமைப்புதான், ரீபவுண்டில் விலை கொடுத்ததும் அதே அமைப்புதான்.

இனி கரூசோ. இந்தத் திரியில் இதுவரை எவரும் அவருக்காக வாதாடாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் மூவரில் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர்தான். 2025 மே 18 அன்று டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், தன்னைவிட ஏறத்தாழ அரை அடி உயரமான டென்வர் சென்டர் நிகோலா யோகிச்சை அவர் தடுத்ததை என் மாணவர்களுக்கு இன்றும் போட்டுக் காட்டுகிறேன். யோகிச்சின் முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளுவதில் பயனில்லை என்பதால், அவர் முன்னால் வந்து நின்றுகொண்டார். பந்து வரும் பாதையில் ஒரு கை, யோகிச்சின் தொடையில் ஒரு முழங்கால். பாஸ் கொடுப்பவர் பந்தை உயரத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. அது இறங்கும் நேரத்துக்குள் பின்னாலிருந்து இன்னொருவர் வந்து சேர்ந்தார். யோகிச் 20 புள்ளியோடு நின்றார், தண்டர் 125-93 என்று வென்றது.

ஆனாலும் அவரை நான் ஆட்டத்தின் தொடக்கத்தில் இறக்க மாட்டேன். 2024-25 சீசனில் அவர் ஆடியது 54 ஆட்டங்கள்தான், அதுவும் ஆட்டத்துக்குச் சராசரி 19 நிமிட அளவில். தரையில் விழுந்து பந்து பறிக்கும் ஆட்டக்காரரின் உடலை அப்படித்தான் காப்பாற்ற முடியும். இன்னொரு காரணமும் உண்டு. முதல் ஆறு நிமிடங்களை பெஞ்சிலிருந்து பார்த்துவிட்டு, எதிரணியின் திட்டம் எங்கே திறந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகு உள்ளே வரும்போதுதான் அவருடைய அறிவு முழுமையாகப் பயன்படுகிறது. 2020 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அவருடைய அப்போதைய அணியான லேக்கர்ஸ் அவரைத் தொடக்கத்தில் இறக்கி 106-93 என்று வென்று கோப்பையை எடுத்தது எனக்கும் நினைவிருக்கிறது. ஐந்து ஆட்டங்களில் எதிரணியை நன்றாக அறிந்த பிறகு ஒரே ஓர் இரவுக்கு எடுத்த முடிவு அது; 82 ஆட்டச் சீசனுக்கு அதை விதியாக்க முடியாது.

பதில் 4: ஸ்டீல் கணக்கர்

சென்டரைப் பொறுத்து கார்டு மாறுவார் என்ற விளக்கம் நான் கவனிக்காத ஒன்று, ஒப்புக்கொள்கிறேன். ஹார்ட்டன்ஸ்டைன் தொடங்கும் நாளில் டார்ட் தொடங்கட்டும். ஆனால் ஹோம்கிரென், ஹார்ட்டன்ஸ்டைன் இருவரில் ஒருவர் ஓய்விலோ காயத்திலோ இருக்கும் நாளில், டார்ட்டுக்கு அருகில் வாலஸைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அத்தகைய நாட்கள் சீசனில் நிறையவே வரும்.

கேள்வி கேட்டவர்: விடியற்காலைப் பார்வையாளர்

மூவருக்கும் நன்றி. பழைய பயிற்சியாளர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு நேற்றிரவு நான்காவது ஆட்டத்தின் முதல் குவாட்டரை மீண்டும் பார்த்தேன். இந்த முறை பந்தைப் பார்க்காமல் ஹார்ட்டன்ஸ்டைனின் கால்களை மட்டும் பார்த்தேன். ஸ்கிரீன் விழும்போதெல்லாம் அவர் பின்வாங்கி நிற்க, டார்ட் மேல்பக்கமாகச் சுற்றி வந்து சேரும் அந்த ஒரு நொடி இப்போது எனக்குத் தனியாகத் தெரிகிறது. அதே ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 5 ஸ்டீல் எடுத்த கரூசோவை அடுத்து பார்க்கப் போகிறேன். அவர் உள்ளே வந்தபோது பின்னால் எந்த சென்டர் நின்றார் என்று குறித்துவைத்து இங்கேயே எழுதுகிறேன்.