அந்தச் சுண்டெலிக்கு வயது என்ன?

ஆய்வகத்தான்: அழற்சியின்போது மூளையின் இரத்த அரணை (இரத்தத்தில் உள்ளவை கண்டபடி மூளைக்குள் கசியாமல் தடுக்கும் நாளச் சுவரை) ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் காக்கிறது என்று 2016இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டதால், மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவது மூளைக்குக் காப்பு என்று தேன்மொழி நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. சினைப்பையை அறுத்தெடுத்த சுண்டெலியும் அறுபது வயதுப் பெண்மணியும் ஒன்றா? அந்தச் சுண்டெலிக்கு வயது என்ன என்று அவர் சொல்லட்டும்.

தேன்மொழி: ஆய்வை முழுமையாகப் படித்தீர்களா, ஐயா? பாக்டீரிய நச்சை ஊசியாகப் போட்டபின் பெண் சுண்டெலிகளின் அரண் ஆண்களுடையதைவிட நன்றாகத் தாங்கியது. சினைப்பையை எடுத்ததும் கசிவு கூடியது. ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான எஸ்ட்ரடயோல் கொடுத்ததும் குறைந்தது. நாளங்களின் உட்சுவர்ச் செல்களில் அனெக்சின் ஏ1 என்ற புரதத்தை ஈஸ்ட்ரோஜன் பெருக்குவதே இதன் காரணம். மனிதச் சான்று வேண்டுமானால், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (உடலின் எதிர்ப்புச் செல்கள் அரணைக் கடந்து நரம்புகளைத் தாக்கும் நோய்) உள்ள 254 பெண்களைப் பின்தொடர்ந்து 1998இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வைப் பாருங்கள்: ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.7 ஆக இருந்த நோய்த்தாக்கு, கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் 0.2 ஆக இறங்கியது.

ஆய்வகத்தான்: பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் அதுவே 1.2 ஆக ஏறியதை ஏன் விழுங்கினீர்கள்? அவர்களும் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள்தாம். நான் கேட்டது வயது. 2004இல் டெக்சாஸில் செய்த ஆய்வில், இளம் எலிகளில் கசிவைக் குறைத்த அதே எஸ்ட்ரடயோல், இனப்பெருக்கப் பருவம் கடந்த எலிகளில் கசிவைக் கூட்டியது.

தேன்மொழி: ஏறியது ஹார்மோன் சரிந்தபின்; அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. மேலும் டெக்சாஸில் பயன்பட்டது பெரிய எலி, நாம் பேசுவது சுண்டெலி. அந்த எலிகளுக்கு அழற்சி ஊட்டினார்களா? அதைச் சொல்லாமல் வயது, வயது என்று எத்தனை முறை எழுதுவீர்கள்?

குமரவேல்: இருவரும் ஆணை மறந்துவிட்டீர்கள். விதைப்பை நீக்கிய ஆண் சுண்டெலிகளிலும் அரண் தளர்ந்ததாகவும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்ததும் தேறியதாகவும் 2017இல் ஆய்வு வந்தது. இன்னொன்று, ‘அரண்’ என்ற சொல்லே தவறு. அது கோட்டைச் சுவரன்று. குளுக்கோஸை உள்ளே விடும் உயிருள்ள செல்கள் அவை. ‘தடுப்பு’ என்றே எழுத வேண்டும்.

ஆய்வகத்தான்: சொல்லாராய்ச்சியைப் போன மாதமும் இவர்தான் தொடங்கி இழையைக் கெடுத்தார். நான் ஒன்பது ஆண்டுகள், அரணின் கசிவைக் காட்டும் ஈவான்ஸ் நீலச் சாயத்தோடு உழன்றவன். வால் சிரையில் சாயத்தை ஏற்றினால் சற்று நேரத்தில் காதும் பாதமும் நீலமாகும். இதயம் வழியாக உப்புநீர் செலுத்தி இரத்தத்தைக் கழுவியபின் மண்டையோட்டைத் திறந்தால், நலமான மூளை வெள்ளையாக இருக்கும். நச்சு ஊட்டியதில் நீலம் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். கழுவுவதில் சற்றுப் பிசகினாலும் நல்ல மூளை நீலமாகத் தெரியும் என்பதால், ஒரு சாயத்தை நம்பி அறுபது வயதுப் பெண்ணுக்கு மாத்திரை எழுத நான் துணிய மாட்டேன். 2003இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தும் சேர்த்து எடுத்த 65 வயதைக் கடந்த பெண்களில் 40 பேருக்கு மறதிநோய் வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 21 பேருக்கு.

தேன்மொழி: அந்த ஆய்வில் மூளை அரணின் கசிவை யார் அளந்தார்கள்? சாயத்தை நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சாயத்தைக் கொண்டே அளந்த டெக்சாஸ் ஆய்வை மட்டும் நம்புகிறீர்கள். ஒன்பது ஆண்டு அனுபவத்தைக் காட்டி என் வாயை அடைக்க முடியாது.

குமரவேல்: ‘தடுப்பு’ என்று எழுதுங்கள், அம்மா.

ஆய்வகத்தான்: உங்கள் இருவரின் ஐந்து பதிவுகள் கடந்துவிட்டன. வயது இன்னும் வரவில்லை.